பதினாறு கம்பிகளும் ஒரு சிவப்புக் கோடும்

எங்கள் தொழுகை அறையின் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒளிரும் நேரப் பலகை ஒன்று இருக்கின்றது. சுபஹ் முதல் இஷா வரையான நேரங்களையும், அடுத்த தொழுகைக்கு இன்னும் எத்தனை நிமிடம் இருக்கின்றது என்பதையும் அது காட்டும். தரம் 10 மாணவிகள் நால்வர் சேர்ந்து செய்தது. பார்க்க வருகின்ற பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்பது, "இதுக்கு செய்நிரல் எழுதினது யாரு?" என்பதுதான். செய்நிரல் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மூன்று வாரம் எடுத்தது இரண்டு சாண் நீளமான ஒரு பட்டைக் கம்பி.

அந்த மூன்று வாரத்தில் ஒரு மாணவியின் வாப்பா மூன்று தடவை புறக்கோட்டைக்குப் போய் வந்தார். கொஹுவலைச் சந்தியில் 120ஆம் இலக்க பஸ் ஏறி, முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, அடுத்த தெருவிலுள்ள சம்மாங்கோட்டுப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு, மறுபடியும் தேடி, பின்னேரம் வீடு திரும்புவார். முதல் இரண்டு தடவையும் கொண்டு வந்தது பொருந்தவில்லை. மூன்றாவது தடவை கொண்டு வந்தது பொருந்தியது. பொருந்திய அன்றுதான் எங்கள் ஆர்டுயினோ பலகை பழுதானது. இந்தக் கட்டுரை அந்த மூன்று தடவைகளைப் பற்றியது. விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் மாணவிகளும், அவர்களுக்காகக் கடை ஏறும் பெற்றோரும் அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நேரப் பலகைக்கு நாங்கள் எடுத்தது பி10 என்ற எல்.ஈ.டி. பலகை. கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் எழுத்து ஓடுகின்ற பலகைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒரு பலகையில் குறுக்காக 32, நெடுக்காக 16 என்று மொத்தம் 512 விளக்குகள். ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லிமீற்றர். பெயரிலுள்ள பத்து அதுதான். ஆகவே பலகை 320 மில்லிமீற்றர் நீளமும் 160 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பின்பக்கம் திருப்பினால் பிளாஸ்டிக் பெட்டி போன்ற இரண்டு வாய்கள் தெரியும். ஒன்று தகவல் உள்ளே வருவதற்கு, மற்றது அடுத்த பலகைக்கு அனுப்புவதற்கு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதினாறு கால்கள் நிற்கும். அவற்றைப் பின் என்றே சொல்வோம்.

பலகையோடு ஒரு குட்டிப் பட்டைக் கம்பியும் வரும். பலகையிலிருந்து பக்கத்துப் பலகைக்கு எட்டுவதற்கு மட்டுமே அது போதும். கீழே வைத்திருந்த ஆர்டுயினோவுக்கு நீளமான ஒன்று தேவைப்பட்டது. அதை நாங்களே செய்யலாம் என்று தீர்மானித்தோம். மாணவி வாப்பாவிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள்: "16 பின் கனெக்டர், 2". அவ்வளவுதான். இந்த இடத்திலேயே பிழை தொடங்கிவிட்டது. அதை நானும் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினேன்.

அவர் கொண்டு வந்ததில் பதினாறு துளைகள் சரியாகவே இருந்தன. ஆனால் பதினாறும் ஒரே வரிசையில். நீளமான சீப்புப் போல. பலகைக்கு வேண்டியதோ எட்டு எட்டாக இரண்டு வரிசை. பதினாறு என்ற எண் மட்டும் ஒன்றையும் தீர்மானிப்பதில்லை என்று அன்று விளங்கியது. மறுபக்கமும் இதே பிழை நடக்கும். பதினாறு எழுத்து, இரண்டு வரி காட்டும் சிறிய எல்.சி.டி. திரையைப் பலர் கண்காட்சிக்கு வாங்குகிறார்கள். அதற்கும் பதினாறு கால். ஆனால் அது பெரும்பாலும் ஒற்றை வரிசை. அதற்குப் போய் இரட்டை வரிசைப் பட்டைக் கம்பி வாங்கினால் ஒட்டவே ஒட்டாது.

பட்டைக் கம்பிக்கு ஏன் இரட்டை வரிசை என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகுவாகும். சாம்பல் நிறத்தில், கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் போலத் தட்டையாக இருக்கின்ற அந்தக் கேபிளை எடுத்து ஓர் அடிமட்டத்தின் மேல் வையுங்கள். ஓர் அங்குலத்துக்குள் இருபது கம்பிகள் இருக்கும். அதாவது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 1.27 மில்லிமீற்றர். ஆனால் பலகையிலுள்ள கால்களுக்கு இடையிலான தூரம் அதன் இரு மடங்கு, 2.54 மில்லிமீற்றர். அங்குலத்தில் பத்தில் ஒன்று. நெருக்கமான கம்பி, அகலமான கால். இது எப்படிப் பொருந்தும்? கனெக்டருக்குள் முதலாம் கம்பி ஒரு வரிசைக்கும் இரண்டாம் கம்பி மற்ற வரிசைக்கும் போகின்றது. மூன்றாவது மறுபடி முதல் வரிசைக்கு. தொழுகைக்கு நெருக்கடியான இடத்தில் ஒருவரை விட்டு ஒருவர் முன்பின்னாக நிற்பது போல. ஆகவே ஒரு வரிசையில் 1, 3, 5 என ஒற்றை எண்கள். எதிர் வரிசையில் 2, 4, 6 என இரட்டை எண்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பலகை பழுதான கதைக்கு இது வேண்டும்.

இரண்டாவது தடவை துண்டில் "இரட்டை வரிசை" என்று சேர்த்து எழுதினோம். வாப்பா எட்டு எட்டாக இரண்டு வரிசை உள்ள கனெக்டரோடு வந்தார். கண்ணுக்கு எல்லாம் சரி. அழுத்திப் பார்த்தால் ஒரு பக்கக் கால்கள் ஏறும், மறுபக்கம் ஏறாது. அது 2.00 மில்லிமீற்றர் இடைவெளி கொண்டது. பழைய மடிக்கணினிகளின் வன்தட்டுக்குப் பாவித்த வகை. கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கும்போது 2.54ஐயும் 2.00ஐயும் கண்ணால் பிரித்தறிவது லேசல்ல. ஆனால் கொம்பாஸ் பெட்டியில் இருக்கின்ற அடிமட்டம் போதும். ஓர் இடைவெளியை அளக்காதீர்கள். அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தை அடிமட்டத்தில் பிடிக்க முடியாது. முதல் காலின் நடுவிலிருந்து எட்டாவது காலின் நடு வரை ஒரே தடவையாக அளவுங்கள். எட்டுக் காலுக்கு இடையே ஏழு இடைவெளிகள். 2.54 என்றால் 17.8 மில்லிமீற்றர் வரும். 2.00 என்றால் சரியாக 14. கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் வித்தியாசம். அதைப் பார்க்க வேணியர் இடுக்கி தேவையில்லை. எட்டுக் கால்களை எண்ணி எட்டால் வகுத்துவிடுவதுதான் எங்கள் பிள்ளைகள் செய்த முதல் பிழை. வேலிக்குக் கட்டைகள் எட்டு நட்டால் இடைவெளி ஏழுதானே.

இதே அளவுக் கணக்கில் இன்னுமொரு வலை இருக்கின்றது. பற்றரி, சென்சர் போன்றவற்றில் வருகின்ற வெள்ளை நிறச் சிறிய கனெக்டர்களை எல்லாக் கடைகளிலும் ஜே.எஸ்.டி. என்கிறார்கள். அது ஒரு ஜப்பானிய கொம்பனியின் பெயர். அந்தக் கொம்பனி பல அளவுகளில் செய்கின்றது. எக்ஸ்.எச். என்ற வரிசையின் இடைவெளி 2.5 மில்லிமீற்றர். பி.எச். என்றால் 2.0. எஸ்.எச். என்றால் வெறும் 1.0. ஆகவே "ஜே.எஸ்.டி. தாங்க" என்று கேட்பது "செருப்புத் தாங்க" என்று கேட்பதற்குச் சமம். 2.5ஐப் பல கடைகளில் 2.54 என்றே விற்பார்கள். இரண்டு மூன்று காலுக்கு அந்த 0.04 ஒன்றும் செய்யாது. பத்துக் கால் என்றால் ஒன்பது இடைவெளி, 0.36 மில்லிமீற்றர் சேர்ந்துவிடும். கடைசிக் கால் துளையின் விளிம்பில் முட்டும். முட்டியபோது பலத்தைப் போட்டு அழுத்துகிறவர்கள் நாங்கள் எல்லாரும்தான்.

மூன்றாவது தடவைக்கு முன்னர் ஒரு புத்தி செய்தோம். பலகையோடு வந்த அந்தக் குட்டிக் கம்பியையே ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பினோம். கடையில் நின்ற பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆணா, பொண்ணா?" என்று கேட்டானாம். வாப்பா, "மகளுக்குத்தான் வாங்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கதை இன்றும் அவர்கள் வீட்டில் சிரிப்பாக ஓடுகின்றது. பையன் கேட்டது கனெக்டரைப் பற்றி. கால் நீட்டிக்கொண்டிருப்பது ஆண், துளை இருப்பது பெண். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். பட்டைக் கம்பியின் நுனியில் வருவது துளையுள்ளது. பலகையில் ஈயம் வைத்துப் பற்றுவது கால் உள்ளது, சுற்றிவரச் சுவருள்ள பெட்டி. கடைப் பெயர்களும் சொல்லிவிடுகிறேன். கம்பி நுனிக்கு "ஐ.டி.சி. சொக்கட்" அல்லது "எஃப்.சி. 16பி" என்று கேளுங்கள். பெட்டிக்கு "பொக்ஸ் ஹெடர்" அல்லது "டி.சி.3 16பி". பதினாறுக்குப் பதில் பத்து வேண்டுமென்றால் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஆர்டுயினோவுக்கு வெளியிலிருந்து செய்நிரல் ஏற்றும் யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. கருவிக்குப் பத்து. ஆர்டுயினோவின் மேல் நிற்கும் அந்த ஆறு கால் வாய்க்கு ஆறு. ராஸ்பெரி பையின் முதல் பலகை 2012இல் வந்தபோது 26 கால் இருந்தது. 2014இல் பி பிளஸ் வந்ததிலிருந்து 40. பழைய பாடநூல் ஒன்றைப் பார்த்து 26 வாங்கிவிட்டுப் புதிய பலகையை வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

கம்பியைக் கடையில் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. களுபோவிலையில் எத்தனை வீட்டுக் கட்டிலுக்குக் கீழே பழைய கணினி ஒன்று தூசி பிடித்துக் கிடக்கின்றது என்று எனக்குத் தெரியும். அதைத் திறந்தால் வன்தட்டுக்குப் போகும் 40 கம்பிப் பட்டை இருக்கும். நெகிழ்தட்டு இருந்த காலத்துக் கணினி என்றால் 34 கம்பிப் பட்டையும் இருக்கும். நெகிழ்தட்டுப் பட்டையில் நடுவில் 10ஆம் கம்பியிலிருந்து 16ஆம் கம்பி வரை ஒரு முறுக்கு இருக்கும். ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட பீசீயிலிருந்து வந்த பழக்கம். முறுக்கு உள்ள பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். 40 கம்பிப் பட்டையின் ஓரத்திலிருந்து பதினாறை எண்ணி, கத்தரிக்கோலால் சிறிய வெட்டுக் கொடுத்துக் கையால் இழுத்தால் துணி கிழிவது போல நேராகக் கிழியும். ஆனால் கவனம்: கடைசியாக வந்த பட்டைகளில் 40 அல்ல, 80 கம்பிகள். வேகம் கூடியபோது ஒரு கம்பியின் சமிக்ஞை பக்கத்துக் கம்பிக்குக் கசியாமலிருக்க, இடையிடையே இன்னும் நாற்பது கிரவுண்ட் கம்பிகளைப் போட்டார்கள். அகலம் அதே அளவு, கம்பிகள் மயிரிழை போல. அதில் இடைவெளி 0.635 மில்லிமீற்றர். எங்கள் சொக்கட்டில் அதை வைத்து அழுத்தினால் இரண்டு கம்பிகளை ஒரே பல் கடிக்கும்.

அந்தப் பல் எப்படி வேலை செய்கின்றது என்று தெரிந்தால் அதன் மேல் ஒரு மரியாதை வரும். ஐ.டி.சி. என்ற மூன்று எழுத்தின் பொருள், காவலியை விலக்கிக்கொண்டு இணைவது என்பது. கம்பியைச் சுரண்ட வேண்டாம், ஈயம் வைக்க வேண்டாம். சொக்கட்டின் முதுகில் இரண்டு முனையுள்ள சிறிய உலோகக் கவை பதினாறு நிற்கின்றன. கவையின் நடுவிலுள்ள வெட்டு, கம்பியைவிட ஒடுக்கமானது. மேலிருந்து மூடியை அழுத்தும்போது காவலி இரு பக்கமும் கிழிந்து விலகும், உள்ளேயுள்ள செப்பு இழைகள் வெட்டுக்குள் நெரிபட்டுச் சிக்கிக்கொள்ளும். அந்த நெரிசலுக்குள் காற்றும் ஈரமும் போக இடமில்லை. வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடற்காற்றுப் பகுதியில் வாழ்கிற எங்களுக்கு அது சிறிய விடயமல்ல. இரும்புக் கேற் எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கின்றது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் பதினாறு பற்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இறங்க வேண்டும். குறடால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நெரித்தால் முதல் மூலை ஆழமாகவும் கடைசி மூலை மேலாகவும் நிற்கும். சுத்தியல் என்றால் மூடி வெடிக்கும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியின் மாமா தச்சு வேலை செய்பவர். அவரது மேசையிலுள்ள வைஸில், இரு பக்கமும் தட்டையான பலகைத் துண்டு வைத்து, மெதுவாகத் திருகி இறுக்கினோம். "டக்" என்று இரு பக்கமும் கொளுவி விழும் சத்தம் கேட்கும் வரை. வைஸ் இல்லாவிட்டால் ஜி வடிவத் திருகுப்பிடியும் போதும். அழுத்திய பின்னர் கம்பியை மேலாக மடித்து இறுக்கப் பிடிக்கும் இன்னுமொரு சின்ன மூடி வரும். அதை நிறையப் பேர் தேவையில்லாத துண்டு என்று குப்பையில் போடுகிறார்கள். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்கும் எங்கள் பழக்கத்திலிருந்து பற்களைக் காப்பாற்றுவது அதுதான்.

இனிப் பழுதான நாள்.

பட்டைக் கம்பியின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது முதலாம் கம்பி. சொக்கட்டின் ஒரு மூலையில் கூர்ந்து பார்த்தால் சிறிய முக்கோணம் இருக்கும். அது முதலாம் கால். சிவப்புக் கோடு முக்கோணத்தின் பக்கம் வர வேண்டும், இரண்டு நுனியிலும். எங்கள் பிள்ளைகள் முதல் நுனியைச் சரியாக அழுத்தினார்கள். பிறகு கம்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது நுனியை அழுத்தினார்கள். அதில் முக்கோணம் ஒரு பக்கம், சிவப்புக் கோடு எதிர்ப் பக்கம். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

சொக்கட்டின் நடுவில் ஒரு புடைப்பு இருக்கும், பெட்டியின் சுவரில் அதற்கேற்ற வெட்டு இருக்கும். தலைகீழாகச் செருகுவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கம்பியே தலைகீழாக அழுத்தப்பட்டிருந்தால் அந்தக் காவலாளி பிழையானதைத்தான் விடாப்பிடியாகக் காப்பான். நாங்கள் செருகினோம், சரியாகக் கொளுவியது, சந்தோஷமாக மின்னைப் போட்டோம். பலகை இருட்டு. ஒரு நிமிடத்துக்குப் பிறகு ஆர்டுயினோவின் கறுப்பு சிப்பில் கை வைத்த பிள்ளை கையை எடுத்துக்கொண்டாள்.

ஏன் சுட்டது? பி10 பலகையின் பதினாறு காலில் 3, 5, 7, 9, 11, 13, 15 ஆகிய ஏழும் கிரவுண்ட். பட்டைக் கம்பியில் ஒன்றைவிட்டு ஒன்று கிரவுண்டாக வரட்டும், சமிக்ஞைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலை செய்கின்ற சமிக்ஞைகளில் ஐந்து 2, 4, 8, 10, 12 என்ற இரட்டைக் கால்களில். இப்போது கம்பியைத் தலைகீழாக்குங்கள். 1ஆம் கால் 16க்குப் போகும், 2ஆம் கால் 15க்குப் போகும். பதினேழிலிருந்து கழித்தால் எல்லாவற்றுக்கும் விடை வரும்: 4க்கு 13, 8க்கு 9, 10க்கு 7, 12க்கு 5. ஐந்து விடையும் ஒற்றை எண். ஐந்தும் கிரவுண்ட். அதாவது ஆர்டுயினோவின் ஐந்து வெளியீடுகளை ஒரே நேரத்தில் நேரடியாகத் தரையில் கட்டிவிட்டோம். அந்த சிப்பின் ஒரு கால் தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம் 40 மில்லி அம்பியர். குறுஞ்சுற்றில் அது எங்கே நிற்கும்? இரட்டை எண்ணை ஒற்றை எண்ணிலிருந்து கழித்தால் ஒற்றை எண்தான் வரும் என்று ஆறாம் வகுப்பில் படித்தது இவ்வளவு விலைக்கு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கம்பியைத் திருத்தி மீண்டும் போட்டபோது பலகை எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாரும் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி, "டீச்சர், ஒண்டுவிட்டு ஒரு வரி இருட்டாக் கிடக்கு" என்றாள். எழுத்துகள் பாதி அழிந்த பழைய கடிதம் போல இருந்தன.

மின்னைப் போட முன்னர் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இது நடந்திருக்காது. மல்ட்டிமீற்றரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு நுனியின் முக்கோணத் துளையையும் மறு நுனியின் முக்கோணத் துளையையும் தொட வேண்டும். சத்தம் வந்தால் 2க்கு 2, 3க்கு 3 என்று பதினாறையும் பாருங்கள். சத்தம் வராவிட்டால் அழுத்தம் போதாது அல்லது எங்களைப் போலத் தலைகீழ். பிறகு ஒரே நுனியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை, 1ஐயும் 2ஐயும், 2ஐயும் 3ஐயும் தொட்டுப் பாருங்கள். இங்கே சத்தம் வரக் கூடாது. வெட்டிய நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழை அடுத்ததைத் தொடுவது சாதாரணம். கால்கள் மெலிதானவை, மீற்றர் ஊசி உள்ளே போகாது; துளைக்குள் ஒரு குண்டூசியை வைத்துத் தொடலாம். வானவில் நிறத்தில் வரும் பட்டைக் கம்பி கிடைத்தால் இன்னும் லேசு. அதில் மண்ணிறம் முதலாவது, சிவப்பு இரண்டாவது, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, சாம்பல், வெள்ளை, பத்தாவது கறுப்பு. தடையிகளில் நிறக் குறி படிக்கின்ற மாணவிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பதினோராவது மறுபடி மண்ணிறம்.

பெட்டியைத் துளைப் பலகையில் பற்றும்போது இன்னுமொரு இடத்தில் சறுக்கலாம். மேலே இருந்து பார்க்கும்போது இடப் பக்கம் இருக்கும் முதலாம் கால், ஈயம் வைக்கப் பலகையைக் கவிழ்த்தால் வலப் பக்கம் போய்விடும். பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்து முந்தானையைச் சரிசெய்வது போலத்தான்; கை எதிர்ப் பக்கம் போகும். பலகையின் இரு முகத்திலும் முதலாம் காலுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் ஈயக் கோலைச் சூடாக்க வேண்டும்.

மின் வழங்கலைப் பற்றி ஒன்று. பி10 பலகைக்கு 5 வோல்ற் மின் தடித்த தனிக் கம்பிகளில் போகின்றது, பட்டைக் கம்பியில் அல்ல. சில பிள்ளைகள் சிறிய மோட்டர், சேர்வோ முதலியவற்றுக்குப் பட்டைக் கம்பியின் ஒரு கம்பியிலேயே மின்னைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பி 28 கேஜ். ஏழு மெல்லிய இழைகள். ஒரு மீற்றருக்கு அதன் தடை ஏறக்குறைய 0.2 ஓம். ஒரு மீற்றர் போய் ஒரு மீற்றர் திரும்பி வர 0.4 ஓமுக்கு மேல். ஒரு அம்பியர் ஓடினால் 5 வோல்ற் நுனியில் 4.6 ஆகிவிடும். மோட்டர் திரும்பும்போது ஆர்டுயினோ தானாக நின்று மீண்டும் தொடங்குகின்றது என்று வருகின்ற முறைப்பாட்டில் பாதி இதுதான். இன்னுமொன்று கண்ணுக்குத் தெரியாதது. தடித்த கிரவுண்ட் கம்பியின் திருகு தளர்ந்துவிட்டால், ஆர்டுயினோவும் பலகையும் ஒரே மின் வழங்கியில் இருக்கும்போது, பலகையின் மின்னோட்டம் முழுவதும் திரும்பி வர அந்த மெல்லிய ஏழு கிரவுண்ட் கம்பிகளைத் தேடிப் போகும். பட்டைக் கம்பி தொடச் சூடாக இருந்தால் முதலில் திருகைப் பாருங்கள்.

ராஸ்பெரி பை கமராவுக்கு வரும் வெள்ளைத் தாள் போன்ற பட்டை வேறு சாதி. அதில் சொக்கட் அழுத்த முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது. வாயிலுள்ள சிறிய தாழ்ப்பாளைத் தூக்கி, பட்டையைச் செருகி, தாழ்ப்பாளை மூட வேண்டும். சாதாரண பைகளில் 15 கால், 1 மில்லிமீற்றர் இடைவெளி. பை சீரோவிலும் பை 5இலும் 22 கால், 0.5 மில்லிமீற்றர். வாங்கும்போது கால் எண்ணிக்கை, இடைவெளி, நீளம் மூன்றோடு நான்காவதாக ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு நுனியின் பளபளப்பான பகுதியும் ஒரே முகத்திலா, எதிர் எதிர் முகத்திலா?

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியபோது இந்தச் சின்னச் சாமான்களும் அதோடு ஏறின. எல்லாம் இறக்குமதிதானே. சொக்கட் ஒன்றின் விலை அப்போதும் இப்போதும் பெரிதல்ல. பிழையாக வாங்கிய சொக்கட்டினால் பழுதாகும் பலகைதான் பெரிது. மகள் கொடுக்கும் துண்டில் கால் எண்ணிக்கை, எத்தனை வரிசை, இடைவெளி எத்தனை மில்லிமீற்றர், துளையா காலா என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பஸ் ஏற வேண்டாம். மாதிரித் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தேவை என்றால் நான்கு வாங்குங்கள். ஒரு தடவை அழுத்திய சொக்கட்டைக் கழற்றி மீண்டும் அழுத்தினால் பற்கள் நம்பிக்கைக்குரியவை அல்ல. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பாதிக் கடைகள் பூட்டு. முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான்காவது தடவை, பழுதான பலகைக்கு என்ன செய்யலாம் என்று கேட்பதற்காக, அந்த வாப்பா மகளோடு போனார். கடைப் பையன் வாப்பாவைப் பார்த்துப் பேசத் தொடங்கி, இரண்டாவது கேள்வியில் அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறான்.

புதிய ஆர்டுயினோ வாங்காமலே அவர்கள் திரும்பி வந்தார்கள். கடையில் நின்றபடியே அவளுக்கு ஒரு யோசனை வந்திருக்கின்றது. ஒன்றைவிட்டு ஒரு வரி இருட்டாக இருந்தால், எந்த வரி என்று தெரிவு செய்கின்ற சமிக்ஞைகளில் ஒன்று மட்டும் செத்திருக்க வேண்டும். அது ஆர்டுயினோவின் 6ஆம் காலிலிருந்து போவது. மற்ற நான்கும் எப்படியோ தப்பிவிட்டன. 4ஆம் கால் சும்மாதானே இருக்கின்றது?

அன்று பின்னேரம் துளைப் பலகையில் ஒரேயொரு கம்பியை 6இலிருந்து கழற்றி 4இல் பற்றினாள். செய்நிரலில் 6 என்றிருந்த ஓர் எண்ணை அழித்து 4 என்று எழுதினாள். எல்லா வரிகளும் எரிந்தன. தொழுகை அறைப் பலகையின் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்தால் இப்போதும் தெரியும்: 6ஆம் காலின் பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு குறுக்குக் கோடு, பட்டைக் கம்பியின் இரண்டு நுனியிலும் அவள் கையால் எழுதி ஒட்டிய "1".